கிறிஸ்தவப் பள்ளியில் இனப்படுகொலை வரலாறு: காப்பாற்றியவர்களோடு நிறுத்திவிடலாமா?

கரும்பலகை எழுதியது:

வணக்கம். சபை நடத்தும் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு எடுக்கிறேன். பத்தாம் வகுப்புக்கு இந்த ஆண்டு இனப்படுகொலை வரலாற்றுக்கென்று தனியாகச் சில பீரியடுகள் ஒதுக்கியிருக்கிறார்கள். வரலாற்று வகுப்பும் வேதபாட வகுப்பும் சேர்ந்து நடத்துவதாக ஏற்பாடு. நிர்வாகம் தானாக முன்வந்து கொடுத்த நேரம் இது. அந்த நன்றி எனக்கு இருக்கிறது.

சிக்கல் என் வரைவில் வந்தது. பாதிக்குமேல் சிவப்பு மையால் அடித்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். ஹிட்லரை எதிர்த்து உயிர்விட்ட ஜெர்மன் போதகர் பொன்ஹோஃபர் இருக்கலாம், யூத அகதிகளைப் பாதுகாத்த பிரான்சின் ல ஷாம்போன் கிராமம் இருக்கலாம், மறைந்திருந்த யூதர்களுக்குக் கதவு திறந்த கன்னியர் மடங்கள் இருக்கலாம். அடிபட்டவை மூன்று: ஜெர்மன் சபைகளின் ஞானஸ்நானப் பதிவேடுகள், ருவாண்டாவில் அடைக்கலம் புகுந்தவர்கள்மேல் இடிக்கப்பட்ட நியாங்கே ஆலயம், கனடாவில் பழங்குடிக் குழந்தைகளை அடைத்த விடுதிப் பள்ளிகள். ஓரத்தில், பிள்ளைகளின் விசுவாசத்தைக் கட்டி எழுப்புவதே நம் பணி என்று ஒரு குறிப்பு.

அந்தப் பதிவேடுகளை நான் ஏன் வைத்தேன் என்று சொல்லிவிடுகிறேன். 1933 ஏப்ரலில் நாஜி அரசு ஒரு சட்டம் போட்டது. அரசு வேலையில் இருப்பவர் தன் பாட்டன் பாட்டி யூதர் இல்லை என்று காட்ட வேண்டும். ஜெர்மனி முழுவதும் அரசாங்கமே பிறப்பைப் பதியத் தொடங்கியது 1876-ல்தான். அதற்கு முன் பிறந்தவருக்கு அத்தாட்சி எங்கே இருக்கும்? ஆலயத்து அலமாரியில், ஞானஸ்நானப் பதிவேட்டில். ஆக, ஊர் ஊராகச் சபை அலுவலகங்களில் உட்கார்ந்து பழைய ஏடுகளைப் புரட்டிச் சான்றிதழ் எழுதி முத்திரை குத்தினார்கள். பெர்லினில் இந்த ஏடுகளை ஒரே இடத்தில் திரட்டி, யூதப் பிறப்புள்ள கிறிஸ்தவர்களுக்குத் தனி அட்டவணையே தயாரித்தார்கள். அந்த வேலைக்குத் தலைமை தாங்கியவர் ஒரு போதகர்.

இதில் துப்பாக்கி இல்லை, ரத்தம் இல்லை. நல்ல கையெழுத்தும் ஒழுங்கான அலுவலகமும்தான். என் மாணவர்களில் பலர் நாளை அலுவலகங்களில் உட்காரப் போகிறவர்கள். அவர்களுக்கு நான் கொடுக்கக்கூடிய மிக முக்கியமான பாடம் இந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று நம்புகிறேன். காப்பாற்றியவர்களை மட்டும் காட்டினால், ‘சபை அந்தப் பக்கம் நின்றது’ என்று பிள்ளை எண்ணிக்கொள்ளும். அது உண்மை இல்லையே.

இதே போன்ற பள்ளிகளில் பாடம் எடுப்பவர்கள், எடுத்தவர்கள், பெற்றோர், யாராக இருந்தாலும் எழுதுங்கள். நிர்வாகத்திடம் மறுபடி போகவேண்டியிருக்கிறது.

———

ஆலமர_போதகர் எழுதியது:

டீச்சர், நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் காப்பாற்றியவர்களைச் சற்றே தள்ளி வைத்துப் பேசுவது போலத் தெரிகிறது. அது வேண்டாம். அவர்களைச் சரியாகச் சொன்னால், சிவப்பு மை அடித்ததெல்லாம் தானாகவே உள்ளே வந்துவிடும்.

ல ஷாம்போனையே எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்டர் ஆந்த்ரே த்ரோக்மேயும் அவர் மனைவி மக்தாவும் ஆயிரக்கணக்கான அகதிகளைப் பாதுகாத்த கதை எல்லாருக்கும் தெரியும். அங்கே ஒரு பள்ளிக்கூடம் இருந்தது என்பதை எத்தனை பேர் சொல்கிறோம்? 1938-ல் த்ரோக்மேயும் அவருடைய சக போதகர் எதுவார் தேயிஸும் தொடங்கிய கிறிஸ்தவப் பள்ளி அது. 1942 ஆகஸ்டில், நாஜிகளோடு ஒத்துழைத்த பிரான்சின் விஷி அரசின் இளைஞர் துறைப் பொறுப்பாளர் லாமிராந் அந்த ஊருக்கு வந்தார். பெரிய வகுப்பு மாணவர்கள் அவர் கையில் ஒரு கடிதம் கொடுத்தார்கள். பாரிஸில் யூதர்களைக் குடும்பம் குடும்பமாகப் பிடித்ததை அறிவோம்; எங்களோடு யூதர்கள் இருக்கிறார்கள்; நாங்கள் யூதர், யூதரல்லாதவர் என்று பிரித்துப் பார்ப்பதில்லை, அது சுவிசேஷத்துக்கு விரோதம். கடிதத்தின் சாரம் இதுதான். மந்திரி முன்னால் நின்று பள்ளி மாணவர்கள் இதைக் கொடுக்கிறார்கள்! உங்கள் பத்தாம் வகுப்புக்கு இதைவிட நெருக்கமான காட்சி எங்கே கிடைக்கும்?

அதைச் சொன்னதும் ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும்: மற்ற ஊர்ச் சபைகள் ஏன் இப்படிச் செய்யவில்லை? அப்போது பதில் சொல்லியே ஆக வேண்டும்.

இன்னொன்று. பொன்ஹோஃபரைச் சொல்லும்போது 1934-ன் பார்மென் அறிக்கையையும் நாம் பெருமையாகச் சொல்கிறோம். சபைக்கு ஆண்டவர் கிறிஸ்துவே, ஹிட்லர் அல்ல என்று துணிந்து சொன்ன அறிக்கைதான். அதை முழுவதும் படித்துப் பாருங்கள், யூதர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. போர் முடிந்து 1945 அக்டோபரில் ஸ்டுட்கார்ட்டில் ஜெர்மன் சபைத் தலைவர்கள் தங்கள் குற்றத்தை அறிக்கையிட்டார்கள். அதிலும் யூதர் என்ற பெயர் வரவில்லை. போதகனாக இதைப் பல இடங்களில் பேசியிருக்கிறேன். கேட்பவர்களின் விசுவாசம் குலைந்து நான் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அவர்கள் ஜெபிக்கும்போது வார்த்தைகளைப் பார்த்துப் பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

———

ரூபன்_அப்பா எழுதியது:

நான் ஆசிரியர் இல்லை. ஒன்பதாவது படிக்கும் பெண்ணுக்கு அப்பா. நிர்வாகத்தின் பக்கத்தில் நின்று ஒன்று சொல்ல அனுமதியுங்கள்.

என் மகள் இரக்க குணம் உள்ள பிள்ளை. ஒரு செய்திப் படம் பார்த்துவிட்டுப் பல நாள் தூங்காமல் இருந்திருக்கிறாள். வகுப்பில் எலும்புக் குவியல் படங்களைக் காட்டிவிட்டு, ‘இதைச் செய்தது ஆலயத்துக்குப் போகிறவர்கள்தான்’ என்று சொல்லி மணி அடித்து அனுப்பினால், அந்தப் பிள்ளை வீட்டுக்கு வந்து யாரிடம் பேசும்? எங்களிடம்தான். எங்களுக்கு ருவாண்டா பற்றி என்ன தெரியும்?

விசுவாசத்தைப் பற்றியும் சொல்கிறேன். வெளியே எல்லாரும் கிறிஸ்தவத்தைக் குறை சொல்கிறார்கள். பிள்ளைக்கு ஓர் இடமாவது வேர் பிடிக்க வேண்டாமா? அந்த இடத்திலேயே மண்ணைத் தோண்டினால் எப்படி? உண்மையை மறைக்கச் சொல்லவில்லை. கல்லூரியில் படிக்கட்டும் என்கிறேன்.

———

கரும்பலகை எழுதியது:

ரூபன் அப்பா, நீங்கள் எழுதியதற்கு மனதார நன்றி. தூங்காத பிள்ளையை நினைத்துத்தான் நானும் திட்டம் போடுகிறேன்.

படம் காட்ட மாட்டேன். சடலங்களின் படத்தைக் காட்டுவது அந்த மனிதர்களுக்கும் மரியாதை இல்லை, பிள்ளைகளுக்கும் பயன் இல்லை. ஒரே ஒரு கடிதம் வைத்திருக்கிறேன், அது போதும்.

1994 ஏப்ரலில் ருவாண்டாவின் முகோனெரோவில், அட்வென்டிஸ்ட் சபையின் மருத்துவமனை வளாகத்தில், ஹுட்டு தீவிரவாதிகளுக்குத் தப்பி ஓடிய டுட்சி சிறுபான்மை மக்கள் அடைக்கலம் புகுந்திருந்தார்கள். அவர்களில் சில போதகர்களும் இருந்தார்கள். மறுநாள் தாங்கள் குடும்பத்தோடு கொல்லப்படப் போகிறோம் என்று தெரிந்து, தங்கள் சபைத் தலைவரான எலிசாஃபன் நடகிருடிமானாவுக்குக் கடிதம் எழுதினார்கள். எங்களுக்காக மேயரிடம் பேசுங்கள், எஸ்தரால் யூதர்கள் காப்பாற்றப்பட்டது போல நாங்களும் காப்பாற்றப்படுவோம் என்று கேட்டிருந்தார்கள். மறுநாள் அங்கே தாக்குதல் நடந்தது. அந்தச் சபைத் தலைவர் இனப்படுகொலைக்குத் துணைபோனார் என்று ருவாண்டாவுக்கான சர்வதேச நீதிமன்றம் 2003-ல் தீர்ப்பளித்து 10 ஆண்டு சிறை விதித்தது.

எஸ்தர் கதை நம் பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளியிலேயே தெரியும். சாவதற்கு முந்தின நாள் அந்த மனிதர்கள் பிடித்துக்கொண்டதும் அதே கதையைத்தான். கடிதத்தை வகுப்பில் மெதுவாக வாசித்தால் போதும். ரத்தம் காட்டாமலே பிள்ளைக்குப் புரியும்.

கல்லூரி வரை காத்திருக்கலாம் என்கிறீர்கள். பிள்ளைகளின் கையில் இருக்கும் போன் காத்திருக்காது ஐயா. டுட்சி மக்கள் கொல்லப்பட்ட நியாமட்டா ஆலயத்தின் மண்டையோட்டுப் படத்தை யாரோ ஒருவர் கேலிச் சொல்லோடு அனுப்பி வைப்பார். அதற்கு முன் நம்மிடம் கேட்டிருந்தால், அந்தப் படத்தைப் பார்க்கும்போது அந்த ஆலயத்துக்குள் ஓடி வந்தவர்களும் ஜெபித்தவர்கள்தான் என்று பிள்ளைக்கு நினைவு வரும். அது சின்ன வித்தியாசம் இல்லை.

உங்கள் கடைசிக் கவலை சரி. பாடம் தொடங்கும் முன் பெற்றோரைக் கூப்பிட்டு என்ன நடத்தப் போகிறோம் என்று சொல்ல வேண்டும். என் வரைவில் அது இல்லை, சேர்க்கிறேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் இந்தப் பாடத்தை வைக்கக் கூடாது என்பதையும்.

———

முன்னாள்_மாணவி எழுதியது:

நான் பன்னிரண்டு வகுப்பும் கிறிஸ்தவப் பள்ளியில் படித்தவள். எங்களுக்கு இந்த வரலாறே சொல்லித்தரவில்லை என்று சொல்ல முடியாது. ரோமில் சிங்கத்துக்குப் போடப்பட்டவர்கள், ஆர்மீனியர்கள், ஈராக்கில் விரட்டப்பட்டவர்கள் எல்லாம் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் பாடுபட்டவர்கள் கிறிஸ்தவர்கள்தான். ஸ்ரெப்ரெனிட்சா என்ற பெயரை வேலைக்குப் போன பிறகுதான் கேட்டேன். 1995 ஜூலையில் 8,000-க்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்ட போஸ்னிய ஊர். கொன்றவர்கள் கிறிஸ்தவப் பெயர் தாங்கியவர்கள். என் பக்கத்து மேசையில் இருந்த தோழியின் குடும்பம் போஸ்னியாவிலிருந்து வந்தது. அவள் சொல்லித்தான் தெரியும். அன்று எனக்கு வந்த கோபம் என் பள்ளியின் மேல்தான் வந்தது. இன்னும் முழுதாக அடங்கவில்லை.

ஆர்மீனியர்களைச் சொல்லக் கூடாது என்று சொல்லவில்லை. கட்டாயம் சொல்ல வேண்டும். 1915-ல் ஒட்டோமான் துருக்கி ஆட்சியினர் கார்பெர்ட் நகரின் யூப்ரடீஸ் கல்லூரியில் ஆர்மீனியப் பேராசிரியர்களைக் கைது செய்து சித்திரவதை செய்து கொன்றார்கள். அது அமெரிக்க மிஷன் நடத்திய கல்லூரி. கிறிஸ்தவப் பள்ளி ஆசிரியர் கட்டாயம் அறிய வேண்டிய வரலாறு அது. ஆனால் அதை மட்டும் சொன்னால் ‘நாம் எப்போதும் அடிபட்டவர்கள்’ என்ற எண்ணம் ஊறிவிடும். அந்த எண்ணத்தோடு வளர்கிறவருக்கு அடுத்தவரின் வலி காதில் விழாது. என்னை வைத்தே சொல்கிறேன்.

லெம்கினைச் சொல்லிக்கொடுங்கள் டீச்சர். இனப்படுகொலை என்ற குற்றத்துக்கே பெயர் கொடுத்துச் சட்டமாக்கப் போராடிய போலந்து வழக்கறிஞர், யூதர். சிறுவனாக இருந்தபோது நீரோ காலத்துக் கிறிஸ்தவர்கள் கொல்லப்பட்ட கதையை நாவலில் படித்துக் கலங்கியவர். பிறகு ஆர்மீனியர்களின் கதி அவரை உலுக்கியது. அதன் பிறகு தன் சொந்தத்தில் 49 பேரை நாஜிகளிடம் இழந்தார். ஒரு யூதச் சிறுவன் நம்மவர்களுக்காகக் கலங்கியதில் தொடங்கி 1948 டிசம்பர் 9-ல் ஐ.நா. ஒப்பந்தமாக வந்து நின்றது.

———

நன்னெறிப்_பீரியட் எழுதியது:

வேதபாட ஆசிரியர் என்ற முறையில் ஒன்று. நீங்கள் எல்லாரும் இருபதாம் நூற்றாண்டிலேயே நிற்கிறீர்கள். வகுப்பில் முதல் கை தூக்கப்படும்போது வரும் கேள்வி வேறு: ‘சார், யோசுவா எரிகோவில் செய்தது என்ன?’

இந்தக் கேள்வியிலிருந்து நழுவினால் மற்றதெல்லாம் வீண். பட்டணம் முழுவதும் சாபத்தீடு (முற்றாக அழிக்க வேண்டியது), ஆண், பெண், குழந்தை, கிழவர், ஆடு மாடு உட்பட என்று யோசுவா 6-ல் இருக்கிறது. அமலேக்கியரில் பாலகனையும் விடாதே என்று 1 சாமுவேல் 15-ல் இருக்கிறது. பிள்ளைகள் வாசிக்கத் தெரிந்தவர்கள். அவர்களிடம் ‘அது அந்தக் காலம்’ என்று ஒரு வரியில் முடித்துவிட முடியாது.

நான் இப்படிச் செய்கிறேன். முதலில் பகுதியை முழுவதும் வாசிக்கச் சொல்வேன், எதையும் விடாமல். பிறகு சபை வரலாற்றில் இதை எப்படிக் கையாண்டார்கள் என்று காட்டுவேன். மூன்றாம் நூற்றாண்டில் ஒரிகன் என்ற வேத அறிஞர் இந்தப் போர்களை நம் உள்ளத்தில் உள்ள பாவங்களோடு நடக்கும் போராக விளக்கினார். இன்றைய அறிஞர்கள் பலர், எரிகோவில் கிடைத்த அகழ்வுச் சான்றுகள் அந்தக் கதையோடு பொருந்தவில்லை என்கிறார்கள். யோசுவா புத்தகமும் நியாயாதிபதிகளின் முதல் அதிகாரமும் ஒன்றையொன்று மறுப்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். எல்லாரையும் அழித்தாயிற்று என்று ஒன்று சொல்லும், கானானியர் அங்கேயே குடியிருந்தார்கள் என்று மற்றது சொல்லும்.

ஆனால் அதோடு விடக்கூடாது. அந்த வரிகளைப் பிற்காலத்தில் யார் எடுத்து யார்மேல் வீசினார்கள் என்பதும் பாடம்தான். 1637-ல் வட அமெரிக்காவின் மிஸ்டிக் என்ற இடத்தில் ஆங்கிலேயக் குடியேறிகள் பீக்வட் பழங்குடியினரின் கிராமத்தைக் குடும்பங்களோடு கொளுத்தினார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் ஏன் கொன்றீர்கள் என்ற கேள்விக்கு, கேப்டன் ஜான் அண்டர்ஹில் வேதாகமத்தைச் சாட்சிக்கு அழைத்து எழுதினார். வேதம் கையில் இருந்தும் இது நடந்தது. வேதத்தைச் சொல்லியே நடந்தது. இதைப் பேசாமல் ஒரு வேதபாட ஆசிரியர் அடுத்த பாடத்துக்குப் போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

என் தனிப்பட்ட நம்பிக்கையையும் பிள்ளைகளிடம் மறைப்பதில்லை. இயேசுவின் முகத்தில் தெரியும் கடவுள் குழந்தையைக் கொல்லச் சொல்லமாட்டார் என்று நான் நம்புகிறேன். வேறு விதமாக நம்புகிற நல்ல ஆசிரியர்களும் உண்டு. அதையும் சொல்லிவிடுவேன்.

———

வடலி எழுதியது:

இழையை ஆரம்பத்திலிருந்து வாசித்தேன். ருவாண்டா வந்தது, போஸ்னியா வந்தது, கனடா வரப்போகுது. தமிழில் எழுதுகிறோம், தமிழ்ப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறோம், முள்ளிவாய்க்கால் ஒரு தரமும் வரவில்லை. எனக்கு இது தாங்க முடியவில்லை.

2009-ன் கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கக்கூடும் என்று ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011-ல் சொன்னது. மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் ஆண்டகை அதே ஆண்டு அரசாங்கத்தின் ஆணைக்குழு முன்னாலேயே போய், அரசாங்கக் கணக்குகளையே ஒன்றோடொன்று ஒப்பிட்டு, 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். பதில் இன்றுவரை இல்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2021-ல் தமிழ் இனப்படுகொலை கல்வி வாரத்துக்குச் சட்டமே இயற்றியது. கனடா நாடாளுமன்றம் 2022-ல் மே 18-ஐ நினைவு நாளாக ஏற்றது. இலங்கை அரசாங்கம் அந்தச் சொல்லை இன்றும் மறுக்கிறது. மறுப்பதும் பாடத்தின் ஒரு பகுதிதானே? துருக்கி ஆர்மீனியர் விசயத்தில் இன்றும் அதைத்தான் செய்கிறது.

கிறிஸ்தவப் பள்ளிக்கு இதில் தனிக் கேள்வி ஒன்று இருக்கு. இலங்கையில் கத்தோலிக்கத் திருச்சபைக்குள் சிங்களவரும் தமிழரும் இருக்கிறோம். ஒரே பூசை, ஒரே செபம், இரண்டு மொழி. 1995 ஜூலையில் நவாலி புனித பேதுரு ஆலயத்தில் அடைக்கலம் புகுந்த சனத்தின்மேல் குண்டு விழுந்தது. அதே திருச்சபையின் தெற்குப் பக்கம் அந்தச் செய்தியை எப்படிக் கேட்டது? இதைச் சொல்லித்தராமல் நியாங்கேயைச் சொல்லித்தந்தால், தூரத்து ஊர்க் கதையாகத்தான் போகும்.

நேர்மையாக இருக்க வேண்டுமென்றால் நானும் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணி நேரம் கொடுத்தார்கள். இனப்படுகொலை என்று அதை யாரும் சொல்லவில்லை, இனச்சுத்திகரிப்பு என்கிறார்கள். ஆனால் எங்கள் பிள்ளைகள் முள்ளிவாய்க்காலைப் படிக்கும் அதே வகுப்பில் அதையும் படிக்க வேண்டும். எங்களுக்கு நடந்ததைச் சொல்லும்போது எங்களில் சிலர் செய்ததை விட்டுவிட்டால், நான் மற்றவரிடம் எதைக் கேட்க முடியும்?

———

ஆலமர_போதகர் எழுதியது:

வடலி தம்பி, உங்கள் கடைசிப் பத்தியைப் பல முறை வாசித்தேன். டீச்சரின் வரைவை யார் எதிர்த்தாலும் அந்தப் பத்தியை அவர்கள் கையில் கொடுக்கலாம்.

ஆனால் வகுப்பில் ஒரு ஆபத்து வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எங்கள் வலி பெரிதா உங்கள் வலி பெரிதா என்று பிள்ளைகள் எண்ணிக்கை போடத் தொடங்குவார்கள். நாஜிகள் கொன்ற யூதர் 60 லட்சம், ருவாண்டாவில் 8 லட்சம், முள்ளிவாய்க்காலில் 40 ஆயிரம் என்று எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதவே கூடாது. எண்ணைச் சொன்ன கையோடு ஒரு முகத்தைக் காட்ட வேண்டும்.

———

மடத்து_வாசல் எழுதியது:

துறவறச் சபையைச் சேர்ந்தவள் நான். பள்ளி விடுதியில் பல ஆண்டு பொறுப்பில் இருந்திருக்கிறேன். ஆகவே எனக்கு இந்த இழையில் மிகவும் சுட்டது நீங்கள் இன்னும் பேசாத மூன்றாவது விஷயம்: கனடா.

அங்கே பழங்குடிக் குழந்தைகளை வீட்டிலிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் அடைத்தார்கள். பணமும் சட்டமும் அரசாங்கத்தினுடையது. நடத்தியவர்கள் கத்தோலிக்க, ஆங்கிலிக்கன், பிரெஸ்பிட்டேரியன், யுனைட்டெட் சபைகள். 1880-களில் தொடங்கி 1990-களின் பிற்பகுதி வரை சுமார் 1,50,000 குழந்தைகள். போனதும் முடியை வெட்டுவார்கள். பல பள்ளிகளில் பெயருக்குப் பதில் எண் கொடுத்தார்கள். தாய்மொழி பேசினால் அடி. காசநோயில் பிள்ளைகள் செத்துக்கொண்டிருப்பதை அரசாங்க மருத்துவர் பீட்டர் பிரைஸ் 1907-லேயே எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகும் நடந்தது. பெயர் தெரிந்து பதிவான மரணங்கள் மட்டுமே 4,000-க்கும் மேல். 2015-ல் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் இதைப் பண்பாட்டு இனப்படுகொலை என்றது. 2022 ஜூலையில் போப் பிரான்சிஸ் அங்கே போய் மன்னிப்புக் கேட்டார். திரும்பும் விமானத்தில் நிருபர்கள் கேட்டபோது, அது இனப்படுகொலைதான் என்று சொன்னார்.

1948 ஒப்பந்தத்தின் இரண்டாவது பிரிவில் ஐந்து செயல்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. கடைசியானது, ஓர் இனத்தை அழிக்கும் நோக்கத்தோடு அதன் குழந்தைகளைப் பலவந்தமாக வேறு இனத்திடம் மாற்றுவது. அதைப் படிக்கும்போது எனக்கு விடுதியின் சாப்பாட்டு மணியும் வரிசையில் நிற்கும் சின்னப் பிள்ளைகளும் கண்முன் வந்தார்கள். அந்தச் சிஸ்டர்களில் பலர் தாங்கள் நன்மை செய்வதாகவே நம்பியிருப்பார்கள். அதுதான் என்னை உறங்கவிடாமல் செய்கிறது.

நியாங்கேயை நடத்தினால், அது எங்கோ கெட்டுப்போன ஒரு குருவின் கதை என்று ஒதுக்கிவிடலாம். கனடாவை அப்படி ஒதுக்க முடியாது. நாம் நடத்துவதும் பள்ளிக்கூடம். அதனால்தான் உங்கள் நிர்வாகம் அதை அடித்திருக்கும். அதனால்தான் அது முதலில் வர வேண்டும் என்கிறேன்.

நல்லதும் ஒன்று சொல்கிறேன். பிரான்சின் ஆவோன் என்ற ஊரில் கார்மேல் சபைத் துறவி பெர் ழாக் ஒரு ஆண்கள் பள்ளியின் தலைமையாசிரியர். மூன்று யூதச் சிறுவர்களை வேறு பெயரில் சேர்த்து வகுப்பில் உட்கார வைத்தார். 1944 ஜனவரியில் நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டபோ வந்தது. சிறுவர்கள் ஆஷ்விட்ச் கொலை முகாமில் கொல்லப்பட்டார்கள். அவர் மவுத்ஹவுசன் முகாமிலிருந்து விடுதலையான சில வாரங்களில் இறந்தார். அவர் கையிலும் ஒரு சேர்க்கைப் பதிவேடு இருந்தது. அதில் பொய்ப் பெயர் எழுதினார்.

———

மேடையோரம் எழுதியது:

சிறிய விஷயம், ஆனால் யாரும் தொடவில்லை. தவக்காலத்தில் பள்ளியில் திருப்பாடுகள் நாடகம் போடுகிறோமே, அதில் ‘இவனுடைய இரத்தப்பழி எங்கள்மேலும் எங்கள் பிள்ளைகள்மேலும் இருப்பதாக’ என்று கூட்டம் கத்தும் காட்சி இருக்கிறது. யூத குருக்களுக்குக் கறுப்பு உடை, கோணல் சிரிப்பு. நானே பல வருடம் இதை இயக்கியிருக்கிறேன். கைதட்டல் நிறைய வரும் காட்சி அது.

ஜெர்மனியின் ஓபரம்மர்காவ் ஊரில் 1634 முதல் போடும் நாடகத்தை ஹிட்லர் இரண்டு முறை பார்த்துப் பாராட்டினார். அந்த ஊர்க்காரர்களே 2000-ல் அந்த வரியை மேடையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ழூல் இசாக் என்ற பிரெஞ்சு வரலாற்று ஆசிரியர் மனைவியையும் மகளையும் ஆஷ்விட்சில் இழந்தவர். யூதர்களை வெறுக்கச் சொல்லித்தந்தது நம் ஞான உபதேசம்தான் என்று தன் பிற்கால வாழ்க்கை முழுக்க எடுத்துச் சொன்னார். 1960-ல் போப் 23-ம் ஜானை நேரில் பார்த்துப் பேசினார். அதிலிருந்துதான் 1965-ன் இரண்டாம் வத்திக்கான் சங்க அறிக்கைக்கு வழி பிறந்தது: இயேசுவின் மரணத்துக்காக எல்லா யூதர்களையும், இன்றைய யூதர்களையும் குற்றம் சாட்டக் கூடாது.

டீச்சரின் பாடத்தை எந்த வகுப்பில் வைத்தாலும், நாடகம் பழையபடியே நடந்தால் பிள்ளைகள் நாடகத்தைத்தான் நினைவில் வைப்பார்கள். வசனப் புத்தகத்தை இந்த ஆண்டு மாற்றி எழுதப் போகிறேன்.

———

ரூபன்_அப்பா எழுதியது:

இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். சிஸ்டர் எழுதியதை மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன்.

நான் முழுதாக மாறிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். கனடாவை முதலில் வைப்பது பிள்ளைகளுக்குக் கனம் என்றே இன்னும் நினைக்கிறேன். விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளை இதைக் கேட்டால் அன்றிரவு அதே விடுதியில்தான் தூங்க வேண்டும், அதை யோசியுங்கள். ஆனால் சொல்லவே கூடாது என்ற இடத்தில் நான் இப்போது இல்லை. பெற்றோர் கூட்டம் வைத்தால் வருவேன், மற்றவர்களையும் அழைத்து வருவேன்.

ஒரு வேண்டுகோள். சில பள்ளிகளில் பிள்ளைகளை இரண்டு பக்கமாகப் பிரித்து, நீ யூதன், நீ சிப்பாய் என்று நடிக்க வைப்பதாகக் கேள்விப்பட்டேன். அது மட்டும் வேண்டாம்.

———

கரும்பலகை எழுதியது:

அது கண்டிப்பாக இல்லை ஐயா. கொடுமையை நடித்துப் பார்த்து யாரும் புரிந்துகொள்ள முடியாது. விளையாட்டாகத்தான் முடியும். அதிலும் ருவாண்டாவின் வகுப்பறைகளிலேயே டுட்சிப் பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொல்லி எண்ணியிருக்கிறார்கள், அவற்றில் சபை நடத்திய பள்ளிகளும் உண்டு. அதையே நம் வகுப்பில் திரும்பச் செய்வதா?

விடுதிப் பிள்ளைகளைப் பற்றி நீங்கள் சொன்னது என் மனதில் தைத்தது. கனடாவை முதலில் வைக்கவில்லை, நடுவில் வைக்கிறேன். அன்று மாலை விடுதியில் நானும் இருப்பேன். சிஸ்டர், உங்கள் அனுபவத்தில் அந்த நேரத்தில் என்ன பேசலாம் என்று தனியாக எழுதுங்கள்.

வரைவு இப்போது இப்படி நிற்கிறது. யோசுவா பகுதியை வேதபாட ஆசிரியர் முதல் வாரமே எடுத்துக்கொள்கிறார். அடுத்து லெம்கினும் ஒப்பந்தமும், கூடவே ஞானஸ்நானப் பதிவேடும் பெர் ழாக்கின் பதிவேடும் ஒரே பீரியடில். பிறகு ல ஷாம்போன் மாணவர்களின் கடிதம். பிறகு கனடா. முள்ளிவாய்க்காலும் 1990 வெளியேற்றமும் ஒரே வகுப்பில், வடலி சொன்ன வரிசையிலேயே. கடைசியில் ருவாண்டா.

ருவாண்டாவில் ஒரே ஊரில் நடந்த இரண்டு சம்பவங்களை வைத்திருக்கிறேன். 1994 ஏப்ரலில் நியாங்கே ஆலயத்தில் 1,500-க்கும் மேற்பட்டோர் அடைக்கலம் புகுந்தார்கள். பங்குக் குரு அத்தனாஸ் செரோம்பாவின் சம்மதத்தோடு புல்டோசர் வைத்து ஆலயத்தை அவர்கள்மேல் இடித்தார்கள். மேல்முறையீட்டில் 2008-ல் அவருக்கு ஆயுள் தண்டனை. அதே நியாங்கேயின் மேல்நிலைப் பள்ளிக்குள் 1997 மார்ச் 18 இரவு ஆயுதக் கும்பல் நுழைந்தது. ஹுட்டு ஒரு பக்கம், டுட்சி ஒரு பக்கம் பிரிந்து நில்லுங்கள் என்றது. மாணவர்கள் மறுத்தார்கள், நாங்கள் எல்லாரும் ருவாண்டர்கள் என்றார்கள். ஆறு பேர் கொல்லப்பட்டார்கள், பலர் காயப்பட்டார்கள். மூன்று ஆண்டு முன்னால் பெரியவர்கள் செய்ததைக் கண்ணால் பார்த்த தலைமுறை அது.

இடித்தவர் பெயரைச் சொல்லாமல் அந்த மாணவர்களின் பெயரைச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. ஒன்றை அடித்தால் மற்றதும் போய்விடும் என்று தாளாளரிடம் நேரில் சொல்லப் போகிறேன். திங்கட்கிழமை நேரம் கேட்டிருக்கிறேன்.

———

நன்னெறிப்_பீரியட் எழுதியது:

போகும்போது தனியாகப் போகாதீர்கள் டீச்சர். உங்கள் பள்ளி வேதபாட ஆசிரியரையும் ரூபன் அப்பாவைப் போல ஒரு பெற்றோரையும் கூட்டிக்கொண்டு போங்கள். வரைவின் பிரதியை இங்கே போடுங்கள், நாங்கள் எங்கள் பள்ளியிலும் கேட்டுப் பார்க்கிறோம்.